சிமிட்டும் விளக்கு சொல்லும் கணக்கு

“புது மீற்றர் பூட்டின நாளிலிருந்து பில் கூடித்தான் வருகுது.”

கிராமங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. தட்டுச் சுழலும் பழைய மீற்றரைக் கழற்றிவிட்டு, இலக்கங்கள் தோன்றும் ஸ்மார்ட் மீற்றரைப் பூட்டியதும் வீட்டாருக்குச் சந்தேகம் எழுகிறது. இது அற்ப விடயமன்று. இலங்கையில் 2023, 2024ஆம் ஆண்டுகளிலிருந்த வீட்டுக் கட்டண முறையில், மாதப் பாவனை 60 அலகைத் தாண்டியதும் மேலதிக அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே விலை உயர்ந்தது. நாட்கூலிக் குடும்பத்திற்கு ஓர் அலகுகூடப் பெரிதே. ஆகவே, மீற்றர் எப்படிக் கணக்கெடுக்கிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

பழைய தட்டு

சுழலும் தட்டு மீற்றருக்கு 1889இல் வழிகாட்டியவர் ஹங்கேரிப் பொறியியலாளர் ஒட்டோ பிளாதி. அதனுள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒன்று மின்னழுத்தத்தையும் மற்றையது மின்னோட்டத்தையும் உணரும். இரண்டின் காந்தப் புலங்களும் சேர்ந்து அலுமினியத் தட்டைச் சுழற்றுகின்றன. நிலைக்காந்தமொன்று அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும். வீட்டில் செலவாகும் வலு கூடினால் தட்டும் வேகமாகச் சுழலும். பற்சில்லுகள் சுற்றுகளை எண்ணி அலகுகளாகக் காட்டும்.

புதிய சில்லு

ஸ்மார்ட் மீற்றரில் சுழல்வதற்கு எதுவுமில்லை. வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று அழுத்தம், தடைகளின் ஊடாகச் சிறிதாக்கப்பட்டு அளக்கப்படுகிறது. மின்னோட்டத்தை அளக்க, மிகக் குறைந்த தடையுள்ள உலோகத் துண்டோ கம்பிச் சுருளோ பயன்படுகிறது. இலத்திரனியல் சில்லு இவ்விரண்டையும் செக்கனுக்குச் சில ஆயிரம் தடவைகள் அளந்து, ஒவ்வொரு தடவையும் ஒன்றோடொன்று பெருக்கி, கூட்டிக்கொண்டே போகும். கூட்டுத்தொகை 1000 வாற்று மணி ஆனதும் ஓர் அலகு.

கணத்துக்குக் கணம் பெருக்குவதற்குக் காரணமுண்டு. நீரிறைக்கும் மோட்டரில் மின்னோட்டம் அழுத்தத்திற்குச் சற்றுப் பிந்தி வரும். அதனால் எடுத்த சக்தியில் ஒரு பகுதி மீண்டும் கம்பிக்கே திரும்பும். அந்தக் கணங்களில் பெருக்குத்தொகை மறையாக வருவதால், மீற்றர் அதைக் கழித்துவிடுகிறது.

‘ஸ்மார்ட்’ என்ற பெயர் அளவையால் வந்ததன்று. செய்தி அனுப்புவதால் வந்தது. பாவனையை 15 அல்லது 30 நிமிடங்களுக்கு ஒருமுறை பதிந்து, கைத்தொலைபேசி வலையமைப்பு, வானொலி அலை அல்லது மின்கம்பி வழியாக அது அலுவலகத்திற்கு அனுப்பும். பலவற்றில் இணைப்பைத் தூரத்திலிருந்தே துண்டிக்கவும் முடியும்.

பில் ஏன் கூடுகிறது?

நெடுநாள் உழைத்துத் தேய்ந்த தட்டு சிறு பாவனைக்கு அசையாமல் நிற்கக்கூடும். இரவு முழுவதும் செருகியிருக்கும் சார்ஜரையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் புதிய மீற்றர் விடாமல் எண்ணும்.

அதற்காகப் புதிய மீற்றர் தவறே செய்யாது என்று சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 9 இலத்திரனியல் மீற்றர்களில் 5 மிகையாகக் காட்டின. ஒன்று 582 வீதம்வரை கூட்டிக் காட்டியது. இரண்டு குறைத்துக் காட்டின. ஒளியைக் குறைக்கும் ஆளியுடன் இணைத்த சிக்கன விளக்குகள் மின்னோட்டத்தின் வடிவத்தைக் குலைத்ததே காரணம். இது ஆய்வுகூடத்தில் உருவாக்கிய நிலைமை. எனினும், ஏழையின் முறைப்பாட்டைக் கேளாமலே தள்ளுவது நியாயமன்று என்பதற்கு இது சான்று.

நாமே சோதிக்கலாம்

மீற்றரின் முகப்பில் சிமிட்டும் சிறு விளக்கைக் கவனியுங்கள். அருகே 1000 எனப் பொறித்திருந்தால், ஆயிரம் சிமிட்டல் ஓர் அலகு. முதலில் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிறுத்தி, செருகிகளையும் கழற்றுங்கள். விளக்கு அணைந்திருக்கலாம், எரிந்தபடியே நிற்கலாம். ஆனால் தொடர்ந்து சிமிட்டக்கூடாது. சிமிட்டினால் எங்கோ மின் கசிகிறது, அல்லது வேறொருவர் உங்கள் கம்பியில் மின் எடுக்கிறார், அல்லது மீற்றரில் பிழை.

அடுத்து, 1200 வாற்று ஸ்திரிக்கைப் பெட்டியை மட்டும் போட்டு, அது சூடேறும்போது பாருங்கள். 3 செக்கனுக்கு ஒருமுறை சிமிட்டினால் கணக்கு ஏறத்தாழச் சரி. 2 செக்கனுக்கு ஒருமுறை சிமிட்டினால், நாளையும் நேரத்தையும் எழுதி வைத்து, மீற்றரைப் பரிசோதிக்குமாறு எழுத்தில் கேளுங்கள்.

மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மீற்றர் இலக்கத்தைச் சுவர்க் கலண்டரில் குறித்து வைப்போம். கையில் கணக்கில்லாத சந்தேகத்தை எந்த அலுவலகமும் பொருட்படுத்தாது. குறித்து வைத்த இலக்கத்திற்கு அது பதில் சொல்லியே ஆகவேண்டும்.