நீலத் தலைக்கவசங்களின் வாக்குறுதியும் அதன் எல்லைகளும்

உலகின் எந்த மூலையிலாயினும் பொதுமக்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படும் செய்தி வெளியாகும்போது, ஐக்கிய நாடுகள் சபை தனது படையை அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கை உடனேயே எழுகின்றது. 2025 ஒக்டோபரில் சூடானின் எல் பாஷர் நகரம் துரித ஆதரவுப் படையின் கைகளில் வீழ்ந்து, அங்கு படுகொலைகள் இடம்பெற்றபோதும் அக்குரல் எழுந்தது. ஆனால், ஐ.நா.வும் ஆபிரிக்க ஒன்றியமும் கூட்டாக நடத்திய டார்பூர் அமைதிப் படை ஒருகாலத்தில் தனது தலைமையகத்தை அதே நகரில்தான் வைத்திருந்தது. சூடான் அரசாங்கத்தின் விருப்பத்திற்கிணங்க 2020 டிசம்பர் இறுதியுடன் அப்படையின் பணி முடிவுறுத்தப்பட்டது. படை வெளியேறக்கூடாது என்று இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்த மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். அந்த மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

அமைதி காக்கும் பணியின் அடிப்படைச் சிக்கல் இந்த ஒரு சம்பவத்திலேயே வெளிப்பட்டு நிற்கின்றது. யாருடைய பாதுகாப்புக்காகப் படை செல்கின்றதோ, அவர்களுடைய விருப்பத்தின் பேரில் அது செல்வதுமில்லை, திரும்புவதுமில்லை.

ஐ.நா. சாசனத்தில் அமைதி காக்கும் படை என்ற சொற்றொடரே இடம்பெறவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். சாசனத்தின் ஆறாவது அத்தியாயம் பிணக்குகளைச் சமாதான வழியில் தீர்ப்பது பற்றிப் பேசுகின்றது. ஏழாவது அத்தியாயம் பலாத்காரத்தைப் பிரயோகித்தேனும் அமைதியை நிலைநாட்டுவது பற்றிக் கூறுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையில், தேவை கருதி உருவாக்கப்பட்டதே அமைதி காக்கும் பணியாகும். செயலாளர் நாயகமாக இருந்த டாக் ஹமர்ஷெல்ட் இதனை 'ஆறரையாவது அத்தியாயம்' என்று குறிப்பிட்டதாகக் கூறப்படுவதுண்டு. 1948இல் பலஸ்தீனத்திற்கு அனுப்பப்பட்ட நிராயுதபாணிகளான கண்காணிப்பாளர்களுடன் இப்பணி ஆரம்பமாகியது. 1956இல் சுயஸ் நெருக்கடியின்போது ஆயுதம் தாங்கிய முதலாவது படை எகிப்துக்குச் சென்றது.

அன்று வகுக்கப்பட்ட மூன்று கோட்பாடுகளே இன்றுவரை நடைமுறையில் உள்ளன. மோதலில் ஈடுபட்ட தரப்புகளின் சம்மதம் இருக்க வேண்டும். படை பக்கஞ்சாராது இயங்க வேண்டும். தற்காப்புக்காகவும் ஒப்படைக்கப்பட்ட ஆணையைக் காப்பதற்காகவும் அன்றி ஆயுதத்தைப் பயன்படுத்தக்கூடாது. இரு நாடுகளின் இராணுவங்கள் போரிட்டுக் களைத்து, யுத்தநிறுத்தக் கோட்டின் இருபுறமும் நிற்கும் நிலைமைக்கு இவை பொருத்தமானவையே. ஆனால், ஒரு நாட்டினுள் அரசும் ஆயுதக் குழுக்களும் மோதும்போது, பொதுமக்களே தாக்குதலின் இலக்காக இருக்கும்போது, இதே கோட்பாடுகள் படையின் கைகளைக் கட்டிப்போட்டு விடுகின்றன.

முதலில் சம்மதத்தை எடுத்துக்கொள்வோம். 1967 மே மாதத்தில் எகிப்திய ஜனாதிபதி நாசர் ஐ.நா. படை வெளியேற வேண்டும் என்று கோரினார். செயலாளர் நாயகம் ஊ தாண்ட் அதனை ஏற்றுக்கொண்டார். அடுத்த சில வாரங்களில் அரபு - இஸ்ரேல் யுத்தம் மூண்டது. 56 ஆண்டுகளின் பின்னர், 2023 ஜூனில் மாலியின் இராணுவ ஆட்சியாளர்கள் அதே கோரிக்கையை முன்வைத்தனர். பத்தாண்டுகளில் 300க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொடுத்திருந்த அமைதிப் படை அவ்வாண்டின் இறுதிக்குள் அங்கிருந்து வெளியேறியது. அரசின் அழைப்பில் வந்த படை அரசின் அதிருப்தியில் போக வேண்டியுள்ளது. பொதுமக்களுக்கு ஆபத்து அந்த அரசின் படைகளிடமிருந்தே வருமாயின், நிலைமை எவ்வாறிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சிக்கல், வாக்குறுதிக்கும் வளத்துக்கும் இடையிலான இடைவெளியாகும். இதற்குப் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிக்காவை விடத் துயரமான உதாரணம் கிடையாது. 1993 ஏப்ரலில் பாதுகாப்புச் சபை தனது 819ஆம் தீர்மானத்தின் மூலம் அந்நகரைப் 'பாதுகாப்புப் பிரதேசம்' எனப் பிரகடனம் செய்தது. பின்னர் வேறு ஐந்து நகரங்களும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவற்றைப் பாதுகாப்பதற்குச் சுமார் 34,000 படையினர் தேவை எனக் கணிப்பிடப்பட்டது. பாதுகாப்புச் சபை அங்கீகரித்ததோ 7,600 பேரை மாத்திரமே. இதற்கிடையில் ஸ்ரெப்ரெனிக்காவிலிருந்த பொஸ்னிய முஸ்லிம் போராளிகளிடமிருந்து ஆயுதங்களின் ஒரு பகுதி களையப்பட்டிருந்தது. ஐ.நா. பாதுகாக்கும் என்பதே அதற்கு ஈடாக வழங்கப்பட்ட உறுதிமொழி.

1995 ஜூலையில் ஜெனரல் ரட்கோ மிலாடிச்சின் தலைமையிலான பொஸ்னிய சேர்பியப் படைகள் முன்னேறியபோது, அங்கிருந்தது இலகுரக ஆயுதங்களைக் கொண்ட சில நூறு நெதர்லாந்து வீரர்களே. களைந்த ஆயுதங்களைத் திருப்பித் தருமாறு முஸ்லிம்கள் கேட்டனர், அது மறுக்கப்பட்டது. விமானத் தாக்குதல் நடத்துமாறு நெதர்லாந்து வீரர்கள் கேட்டனர். அது மிகத் தாமதமாகவும் பெயரளவிலுமே கிடைத்தது. ஜூலை 11ஆம் திகதி நகரம் வீழ்ந்தது. பொட்டொசாரியில் இருந்த ஐ.நா. தளத்தை நோக்கி இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் ஓடினர். சில ஆயிரம் பேர் மாத்திரமே உள்ளே அனுமதிக்கப்பட்டனர். அவ்வாறு உள்ளே இருந்தோரும் பின்னர் வெளியேற்றப்பட்டனர். வாயிலுக்கு வெளியே ஆண்களும் பெண்களும் பிரிக்கப்பட்டனர். அதனைத் தொடர்ந்த நாட்களில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். இது இனப்படுகொலையே என சர்வதேச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது.

பாதுகாப்புப் பிரதேசம் என்ற பெயர் இல்லாதிருந்தால் அம்மக்களில் பலர் முன்னரே தப்பியோட முயன்றிருப்பர். அல்லது போராடியேனும் இருப்பர். நிறைவேற்றப்படாத பாதுகாப்பு வாக்குறுதி, வாக்குறுதியே இல்லாத நிலையை விட ஆபத்தானதாகிவிட முடியும் என்பதே ஸ்ரெப்ரெனிக்கா கற்பித்த பாடமாகும்.

மூன்றாவது சிக்கல் அரசியல் விருப்பின்மை. 1994 ஜனவரி 11ஆம் திகதி ருவாண்டாவிலிருந்த ஐ.நா. படைத் தளபதியான கனேடிய ஜெனரல் ரோமியோ டல்லயர், நியூயோர்க்கிற்கு அவசரச் செய்தியொன்றை அனுப்பினார். துட்சி இனத்தவரைக் கொல்வதற்கான திட்டம் தயாராகின்றது, மறைத்து வைக்கப்பட்டுள்ள ஆயுதங்களைக் கைப்பற்றப் போகிறேன் என்பதே அதன் சாரம். அது ஆணைக்கு அப்பாற்பட்டது எனக் கூறி ஐ.நா. தலைமையகம் அவரைத் தடுத்தது. ஏப்ரலில் படுகொலை ஆரம்பமானது. முதல் நாளிலேயே பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தனது படையை மீளப்பெற முடிவு செய்தது. கிகாலியிலிருந்த தொழில்நுட்பப் பாடசாலையொன்றில் பெல்ஜிய வீரர்களை நம்பித் தங்கியிருந்த சுமார் 2,000 பேர் ஏப்ரல் 11ஆம் திகதி கைவிடப்பட்டனர். வீரர்களின் வாகனங்கள் வெளியேற, கொலையாளிகள் உள்ளே வந்தனர்.

அதே மாதம் 21ஆம் திகதி பாதுகாப்புச் சபை எடுத்த முடிவு, படையைப் பெருக்குவதற்கல்ல; 270 பேராகக் குறைப்பதற்கே. ருவாண்டாவின் அன்றைய அரசே பாதுகாப்புச் சபையின் நிரந்தரமற்ற உறுப்பினராக அந்த மேசையில் அமர்ந்திருந்தது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. சுமார் நூறு நாட்களில் எட்டு இலட்சம் பேர் வரை கொல்லப்பட்டனர். தகவல் கிடைக்கவில்லை என்று எவராலும் கூற முடியாது. தகவல் இருந்தது, செயற்பட விரும்பிய நாடு இருக்கவில்லை. ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது. உறுப்பு நாடுகள் தருவதே அதன் படை. ஐந்து வல்லரசுகள் இணங்குவதே அதன் ஆணை.

நான்காவதும் அதிகம் பேசப்படாததுமான விடயம் பொறுப்புக்கூறலாகும். 2010இல் ஹெய்ட்டியில் நேபாள அமைதிப் படையினரின் முகாமிலிருந்து வெளியேறிய கழிவு ஆற்று நீரில் கலந்ததால் கொலரா பரவியது. அண்மைக்கால வரலாற்றில் அந்நோயை அறிந்திராத அந்நாட்டில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோர் நட்டஈடு கோரியபோது ஐ.நா. தனது சட்ட விடுபாட்டுரிமையை முன்வைத்தது. அமெரிக்க நீதிமன்றங்களும் அதனை ஏற்றுக்கொண்டன. 2016 டிசம்பரில்தான் செயலாளர் நாயகம் பான் கீ மூன் மன்னிப்புக் கோரினார். ஸ்ரெப்ரெனிக்காவின் அன்னையர் தொடுத்த வழக்கிலும் இதே விடுபாட்டுரிமை ஐ.நா.வைக் காப்பாற்றியது. நெதர்லாந்து அரசு மாத்திரமே, தளத்தினுள் இருந்த சுமார் 350 ஆண்களின் விடயத்தில் பத்து வீதப் பொறுப்பு உடையது என அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

படையினர் புரியும் குற்றங்களிலும் இந்நிலையே. தவறிழைத்த வீரரை ஐ.நா. திருப்பியனுப்பலாம், வழக்குத் தொடுக்கும் அதிகாரம் அவரது நாட்டுக்கே உரியது. ஹெய்ட்டியில் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டுகளின் பேரில் 2007 நவம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் திருப்பியனுப்பப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருப்பியனுப்பப்பட்டதன் பின்னர் அங்குள்ள சிறுமிகளுக்குக் கிடைத்த நீதி என்ன என்ற கேள்விக்கு இன்றுவரை திருப்தியான விடையில்லை.

இவையனைத்தையும் கூறுவதால் அமைதிப் படைகளால் பயனேயில்லை என்ற முடிவுக்கு வருவது நியாயமாகாது. நமீபியா, மொஸாம்பிக், சியராலியோன், லைபீரியா ஆகிய நாடுகளில் யுத்தத்திலிருந்து அமைதிக்கான பயணத்தில் அப்படைகள் உறுதுணையாக நின்றன. 2013 டிசம்பரில் தென்சூடானில் இனரீதியான கொலைகள் ஆரம்பித்தபோது, ஐ.நா. தளங்களின் வாயில்கள் திறக்கப்பட்டன. பின்னர் இரண்டு இலட்சம் பேர் வரை அங்கு தஞ்சம் பெற்றனர். அமைதிப் படை நிலைகொண்ட நாடுகளில் யுத்தம் மீண்டும் மூளும் வாய்ப்புக் குறைவு என அமெரிக்க அரசறிவியலாளர் வேர்ஜீனியா பேஜ் ஃபோர்ட்னா 2008இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். 1948 முதல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இப்பணியில் உயிரிழந்துள்ளனர். ஆயினும், வெற்றி கண்ட இடங்கள் பெரும்பாலானவற்றில் தரப்புகள் ஏற்கனவே சமாதானத்தை விரும்பியிருந்தன. காப்பதற்கு அங்கே ஓர் அமைதி இருந்தது.

எமது நாட்டின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1987 ஜூலையில் வந்திறங்கிய இந்தியப் படை ஐ.நா. படையல்ல, ஓர் அயல் வல்லரசின் படை. அமைதி காக்கும் படை என்ற பெயர் மட்டுமே அதற்கு இருந்தது. இரு அரசுகள் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் விடுதலைப் புலிகள் கைச்சாத்திட்டிருக்கவில்லை. ஒக்டோபரில் அப்படையே யுத்தத்தின் ஒரு தரப்பாகியது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளர்களும் வைத்தியர்களும் கொல்லப்பட்டனர். 2002இல் வந்த நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழுவோ ஆயுதமற்றது. மீறல்களைப் பதிவு செய்வதும் தீர்ப்புக் கூறுவதுமே அதன் வேலையாக இருந்தது. அந்த யுத்தநிறுத்த உடன்படிக்கை இரு தரப்புகளுக்கு இடையிலானது. முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பாக ஏற்கப்படவில்லை. அதே ஆண்டில் வாழைச்சேனையிலும், 2006இல் மூதூரிலும் அவர்கள் பட்ட துயரத்தைக் குறித்துக்கொள்வதற்கு மேல் கண்காணிப்பாளர்களால் எதுவும் செய்ய இயலவில்லை. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என்று கிளிநொச்சியில் மக்கள் அவர்களது அலுவலக வாயிலில் நின்று மன்றாடினர். இலங்கையில் ஐ.நா. கட்டமைப்பு தோல்வி கண்டது என 2012இல் வெளியான அதன் உள்ளக மீளாய்வு அறிக்கையே ஒப்புக்கொண்டது.

அமைதிப் படைகளின் எதிர்காலமும் சுருங்கி வருகின்றது. நிதி நெருக்கடி காரணமாகத் தனது பணிகளிலுள்ள படையினரில் சுமார் கால்வாசிப் பேரைக் குறைக்கப் போவதாக 2025 ஒக்டோபரில் ஐ.நா. அறிவித்தது. 1978 முதல் தென்லெபனானில் நிலைகொண்டுள்ள படையின் ஆணையை 2026 டிசம்பர் இறுதியுடன் முடிப்பதெனப் பாதுகாப்புச் சபை தீர்மானித்துள்ளது. மறுபுறம், காஸாவுக்கென 2025 நவம்பரில் அங்கீகரிக்கப்பட்ட சர்வதேச உறுதிப்படுத்தல் படை, நீலத் தலைக்கவசம் அணியாத, ஐ.நா.வின் நேரடிக் கட்டளைக்கு உட்படாத ஒன்றாகும். அந்தத் தீர்மானத்தை ஹமாஸ் நிராகரித்தது. சம்மதம், பக்கச்சார்பின்மை என்ற பழைய கேள்விகள் அங்கும் பின்தொடர்கின்றன.

ஆகவே, சர்வதேசம் வந்து காப்பாற்றும் என்று நம்புவோரும், சர்வதேசமே வேண்டாம் என்று மறுப்போரும் ஒரே விதமான கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். வரும் படை யாருடைய சம்மதத்துடன் வருகின்றது? மக்களைக் காக்கும் ஆணை அதற்கு எழுத்தில் உண்டா? அந்த ஆணைக்கேற்ற ஆட்பலமும் ஆயுதமும் தரப்பட்டுள்ளனவா? ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத சமூகங்களை யார் காப்பது? படையே தவறிழைத்தால் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது? இவற்றுக்கு விடையின்றி அனுப்பப்படும் படையால் வல்லரசுகளின் மனச்சாட்சி ஆறுதல் அடையக்கூடும். அதனை நம்பி வாயிலில் வந்து நிற்கும் மக்களுக்குத் தேவைப்படுவது மனச்சாட்சியின் ஆறுதல் அல்ல, உயிரின் உத்தரவாதமே.