பனங்கொட்டையும் பாலர் வகுப்பும்

ஆவணி மாதத்து வைகறையிலே பனங்காணிக்குள் பழமொன்று விழும் ஓசை கேட்டுப் பாயை உதறி எழுந்தோடும் சிறுவனைச் சற்று நினைத்துப் பாருங்கள். பழத்தைத் தேடி எடுக்கிறான். அதன் மணத்தை முகர்கிறான். உள்ளே எத்தனை கொட்டை இருக்குமென்று கையிலே ஏந்தி ஊகிக்கிறான். நேற்று விழுந்ததைவிட இது பெரிதென்று தங்கைக்குச் சொல்கிறான். பின்னர் அவளோடு பங்கிடுவதிலே வழக்காடுகிறான். இவற்றுள் எது மொழி, எது கணிதம், எது விஞ்ஞானம், எது ஒழுக்கம் என்பதை அவன் அறியான். அறியவேண்டிய தேவையும் அவனுக்கில்லை. அதே சிறுவன் ஏழரை மணிக்குப் பாடசாலைக்கு வந்து அமர்ந்ததும், மணி அடிக்குந்தோறும் அவனுடைய உலகம் ஒவ்வொரு துண்டாக நறுக்கப்படுகிறது. காலையிலே தானாக எண்ணியவன் இப்போது எண்ண மறுக்கிறான். வழக்காடிய வாய் இப்போது மூடிக்கொள்கிறது. 'இந்தப் பிள்ளை மந்தம்' என்று நாம் எழுதி வைக்கிறோம்.

மந்தம் பிள்ளையிடத்திலா, நாம் பாடத்தைக் கூறுபோட்ட முறையிலா என்ற வினா இன்று நேற்று எழுந்ததன்று. ஒரு பொருளை நடுவே வைத்து, அதனைச் சூழ மொழி, கணிதம், சூழல், கைவேலை ஆகியவற்றைப் பின்னிக் கற்பிக்கும் முறைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதிலே வெற்றிகளும் உள. நாம் படித்துக்கொள்ள வேண்டிய பிழைகளும் உள.

பிழையை முதலிற் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஜேர்மனியில் ஹேர்பாட்டின் வழிவந்த சில்லர் என்னும் கல்வியாளர், ஒவ்வோர் ஆண்டின் படிப்பையும் ஓர் இலக்கியப் பொருளின்மீது குவிக்கலாம் என்று வகுத்தார். முதலாண்டுக்குத் தேவதைக் கதைகள். இரண்டாமாண்டுக்குத் தனித்தீவில் அகப்பட்ட றொபின்சன் குறூசோவின் கதை. எல்லாப் பாடங்களும் அந்தக் கதையைச் சூழ்ந்தே அமையவேண்டும் என்பது அவர் கருத்து. எண்ணம் உயர்ந்ததே. ஆயினும் கதையோடு இயல்பாகச் சேராத கணக்கையும் அதனோடு கட்டிவைக்க முயலும்போது, கதையும் கெடுகிறது, கணக்கும் கெடுகிறது. கயிற்றினாற் கட்டிய விறகுக்கட்டை மரமென்று சொல்லமுடியாதன்றோ?

அமெரிக்காவிலே ஜோன் டூயி வேறு வழியை நாடினார். 1896 ஆம் ஆண்டிலே சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் சிறுவர்க்கென ஒரு பரிசோதனைப் பாடசாலையை அவர் தொடங்கினார். சமையல், தையல், தச்சு ஆகிய தொழில்களே அங்கு படிப்பின் நடுநாயகமாக விளங்கின. அந்தப் பாடசாலைச் சிறுவர் சிலர் பருத்தியையும் ஆட்டுமயிரையும் கையிலெடுத்து ஆராய்ந்த நிகழ்ச்சியை அவர் 1899 ஆம் ஆண்டு வெளியான 'பாடசாலையும் சமுதாயமும்' என்ற நூலிலே கூறுகிறார். பஞ்சினின்றும் விதையைப் பிரிக்க அரைமணி நேரம் பாடுபட்டும் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஓர் அவுன்சுக்கும் குறைவான பஞ்சே. நாள் முழுவதும் உழைத்தாலும் ஒருவர் கையால் எடுக்கக்கூடிய பஞ்சு மிகக் குறைவே என்பதை அவர்கள் எளிதில் நம்பினார்கள். தங்கள் முன்னோர் பருத்தியாடையை விட்டுக் கம்பளியாடையை அணிந்தது ஏன் என்பது அவர்களுக்கு அப்போது விளங்கிற்று. இங்கே கணக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்படவில்லை. பஞ்சே கணக்கைக் கேட்டது. வரலாறு தனிப் பாடமாக வரவில்லை. நொந்த விரல்களே வரலாற்றைக் கேட்டன. இரு முறைகளுக்குமுள்ள வேறுபாடு இதுதான்.

பெல்ஜியத்திலே வைத்தியராக இருந்து கல்வித்துறைக்கு வந்த டெக்குறோளி, 1907 ஆம் ஆண்டிலே பிரசெல்சு நகரிற் பாடசாலையொன்றை நிறுவி, உணவு, உறையுள், அபாயத்தினின்றும் காத்துக்கொள்ளல், தொழில் என்னும் மனிதத் தேவைகளைச் சூழப் படிப்பை அமைத்தார். முதலில் நேரே காணல், பின்னர் தொடர்புபடுத்தல், ஈற்றில் வெளிப்படுத்தல் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. 1937 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வார்தாவிலே கூடிய மகாநாட்டின் பின்னர், சாகிர் உசேன் தலைமையிலான குழு காந்தியடிகளின் ஆதாரக் கல்விக்கு உருக்கொடுத்தபோது, கைத்தொழில், இயற்கைச் சூழல், சமூகச் சூழல் என்ற மூன்றோடும் பாடங்களை இணைக்கும்படி விதந்துரைத்தது.

நமது நாட்டிலும் இது புதிய செய்தியன்று. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த பாடத்திட்டத்தைக் கொணர்ந்தது. பின்னர் 1998 ஆம் ஆண்டிலே கம்பகா மாவட்டத்திற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999 ஆம் ஆண்டு தொடக்கம் நாடெங்கும் பரவிய சீர்திருத்தத்தினால், ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டது. முதலாந் தரமும் இரண்டாந் தரமும் முதல் நிலை. அங்கே விளையாட்டுக்கு முதலிடம். செயற்பாடும் எழுத்து வேலையும் அதன் பின்னரே. மேல்நிலைக்குச் செல்லச் செல்ல எழுத்து வேலை கூடுகிறது. மொழி, கணிதம், சமயம் என்பவற்றோடு 'சுற்றாடல்சார் செயற்பாடுகள்' என்னும் பாடம் இடம்பெறுவதும், பிறவற்றை இணைக்கும் நூலாக அது கருதப்படுவதும் ஆசிரியர்கள் அறிந்ததே. எனவே, சட்டம் இல்லையென்று நாம் குறைகூற இடமில்லை. சட்டத்திலே உள்ளது வகுப்பறையில் எவ்வாறு உயிர் பெறும் என்பதே கேள்வி.

யாழ்ப்பாணத்து இரண்டாந் தரத்து வகுப்பொன்றுக்கு ஒரு பனங்கொட்டை போதும் என்பது என் துணிபு. ஆவணி, புரட்டாதியில் விழும் பழங்களைப் பிள்ளைகள் கொண்டுவரட்டும். நார் களைந்து கொட்டையை எடுத்தால், சில பழங்களில் மூன்று, சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் ஒன்றே இருப்பதைக் காண்பர். மூவகைக்கும் மூன்று நிரையாகக் கொட்டைகளை முற்றத்திலே அடுக்கினால், எந்த நிரை நீளமென்று கண்ணே சொல்லிவிடும். பின்னாளிலே தாளில் வரையவேண்டிய வரைபு இங்கே நிலத்திற் கிடக்கிறது. மூன்று கொட்டைப் பழங்களை மட்டும் எண்ணும் பிள்ளை மூன்றாம் வாய்பாட்டைத் தன் கையாற் செய்கிறது. மற்றவற்றை வேறாகக் கூட்டவேண்டுமென்று கண்டுகொள்ளும்போது, வாய்பாடு எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதையும் அது கற்றுக்கொள்கிறது.

அடுத்தது பாத்தி. மண்ணை இளக்கிக் குவித்துக் கொட்டைகளை அடுக்கியபின் ஆசிரியர் ஒரு வினாவை மட்டும் கேட்கட்டும்: முளை மேலே வருமா, கீழே போகுமா? பெரும்பாலான பிள்ளைகள் மேலே வருமென்பர். அவர்கள் சொன்னதையெல்லாம் கரும்பலகையில் எழுதி அழியாமல் வைக்கவேண்டும். சில வாரங்கள் சென்றபின், வாரத்துக்கு ஒரு கொட்டையாகக் கிளறிப் பார்த்தால், மேலே ஒன்றும் தோன்றாதிருக்கக் கீழ்நோக்கி ஒரு முளை இறங்குவதைக் காண்பர். ஒவ்வொரு முறையும் திகதியிட்டு ஒரு வசனம் எழுதுவது வழக்கமாகட்டும். சொல்லுதற்கு ஒரு செய்தி இருப்பதனால் எழுதும் வசனம் அது. 'பசு ஒரு வீட்டுமிருகம்' என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் கட்டுரைக்கும் இதற்கும் எத்துணைத் தூரம்!

மூன்று நான்கு மாதங்களிற் கிழங்கு திரண்டுவிடும். கிண்டியெடுத்த கிழங்கைச் சாணால் அளக்கச் சொன்னால் ஒரே கிழங்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு சாணாகவும் மற்றொரு பிள்ளைக்கு அதற்கு மேலாகவும் வரும்; பூசல் எழும். அந்தப் பூசலின் நடுவே அளவுகோலை நீட்டும் ஆசிரியரே அளவையைக் கற்பித்தவர். கோல் ஏன் வந்தது என்பது பிள்ளைக்கு இனி மறவாது. கொட்டையைப் பிளந்து பூரானைத் தின்பதும், பிளந்த ஊமலை அடுப்புக்கு வைப்பதும், கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்று பெயர் வேறுபடுவதும் சொல்வளத்துக்குரிய பாடங்கள். வீட்டிலுள்ள பாட்டிமார் ஒருவர் வந்து பனாட்டுப் போடும் விதத்தைச் சொன்னால், பாடப்புத்தகம் எதிலும் இல்லாத பத்துச் சொற்கள் அன்று வகுப்புக்குக் கிடைக்கும். ஓலையிலே ஒன்றன்மேல் ஒன்றாக மாறிமாறிப் பின்னும் சிறுபெட்டியில் ஒற்றையும் இரட்டையும் கைக்கு விளங்கும். ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் சிறுவர்க்குப் பாடித் தந்த நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர், இந்த மண்ணிலே கண்முன் கிடக்கும் பொருளே குழந்தை இலக்கியத்துக்குப் போதுமென்று முன்னரே காட்டிச் சென்றிருக்கிறார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 'ஐந்து பனையும் மூன்று பனையும் சேர்ந்தால் எத்தனை பனை?' என்று கேட்பது இணைப்பன்று; அது வெறும் அலங்காரம். பனையை நீக்கி மாடு என்று எழுதினாலும் அந்தக் கணக்கு மாறாது. ஒரு பொருள் அந்த எண்ணைத் தானே வேண்டுகிறதா என்பதுதான் முதற் சோதனை. பனையிலே கற்றதைப் பிள்ளை வேறொரு பொருளிலும் செய்து காட்டுமா என்பது இரண்டாவது சோதனை. இவ்விரண்டிலும் தேறாத அலகு பார்வைக்கு அழகாயிருக்கலாம், படிப்பாகாது.

அன்றியும், எல்லாவற்றையும் இணைத்துவிடவும் முடியாது. தமிழ் நெடுங்கணக்கின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளும் பனைமரத்தின் ஒழுங்கிலே வரமாட்டா. எழுத்தறிவுக்கும் எண்பயிற்சிக்கும் நாள்தோறும் தனி நேரம் வேண்டும். இங்கிலாந்து இதனைப் பட்டறிந்தது. 1967 ஆம் ஆண்டு வெளியான பிளௌடன் அறிக்கை பிள்ளையை நடுவாகக் கொண்ட கல்விக்குப் பேராதரவளித்தது. பொருள்வழிக் கற்பித்தல் அந்நாட்டு ஆரம்பப் பாடசாலைகளிலே செல்வாக்குப் பெற்றது. 1992 ஆம் ஆண்டிலே கல்வியாளர் மூவர் அளித்த அறிக்கையோ, அவ்வாறு நடந்தவற்றிற் பெரும்பகுதி மேலெழுந்தவாரியாகவும் துண்டு துண்டாகவும் இருந்ததென்று கண்டித்தது. கண்டிக்கப்பட்டது இணைத்தல் அன்று; திட்டமின்றி இணைத்தல். பெயரளவிலே ஒரு பொருளைச் சொல்லிப் படம் ஒட்டி ஒரு கிழமையைப் போக்கும் வழக்கம் நம்மிடமும் இல்லையென்று யார் சொல்ல வல்லார்?

'ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை காத்திருக்கும்போது பாத்தி கிண்ட நேரமேது?' என்பது பெற்றோரின் வினா. அது நியாயமற்ற வினாவன்று. பரீட்சையின் பெறுபேறு ஏழைப் பிள்ளைக்குப் பெரிய பாடசாலையின் கதவைத் திறக்கிறதென்பதை மறுக்கவியலாது. ஆயினும் இரண்டாந் தரத்துப் பிள்ளைக்கு அந்தப் பரீட்சை மூன்றாண்டு தொலைவில் உள்ளது. அளந்து பார்த்த பிள்ளை அளவைக் கணக்கை வாசித்தவுடனே அதன் பொருளை மனத்திற் காணும். அளவாத பிள்ளை சொற்களை மட்டும் காணும். பனங்கொட்டை புள்ளி பெற்றுத் தரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கேள்வியைக் கண்டு அஞ்சாத பிள்ளையைத் தரும் என்று மட்டும் சொல்வேன்.

இதனினும் பெரியதொன்று இம்முறையிலே தங்கியிருக்கிறது. பாடப்புத்தகத்து அறிவு வீட்டிலே புத்தகமுள்ள பிள்ளைக்கு முன்கூட்டியே சொந்தம். பனையறிவோ பனையோடு வாழும் வீட்டுக்குச் சொந்தம். பாளை சீவுவதையும், முட்டி கட்டுவதையும், கருப்பநீர் இறக்குவதையும் கண்டு வளர்ந்த பிள்ளை, வகுப்பிலே வாய் திறவாத பின்வாங்குப் பிள்ளையாக இருக்கலாம். ஆண்பனை, பெண்பனை என்ற வேற்றுமையைப் பாளையைக் கொண்டு அறியும் அந்தப் பிள்ளை, அன்று ஆசிரியருக்கும் தெரியாததைச் சொல்லும். எழுந்து நின்று சொல்லும். அந்த ஒரு நாளுக்காகவே இம்முறை வேண்டும் என்பேன்.

ஆயினும் இங்கேதான் ஆசிரியரின் பண்பும் சோதிக்கப்படுகிறது. 'உன் தகப்பன் மரமேறுகிறவர்தானே, நீ சொல்' என்று ஒரு வார்த்தை தவறினால் பாடம் காயமாகிவிடும். தொழிலைச் சாதியோடு பிணைத்து இழிவுசெய்த ஊர் நம்முடைய ஊர். அதனை மறந்து பனையின் பெருமை பேசுதல் நேர்மையாகாது. கேட்க வேண்டியது 'யாருக்குத் தெரியும்?' என்ற பொது வினாவே. சொல்லும் பிள்ளை தன் அறிவினால் அறியப்படட்டும், பிறப்பினால் அன்று. மரத்தின் பயனை மட்டும் புகழ்ந்து, அதில் ஏறியவரின் உழைப்பை மறைக்கும் பாடமும் அரைப்பாடமே.

பனை யாழ்ப்பாணத்துக்கு உரியது. எல்லோருக்கும் அதனையே வகுக்கவேண்டுமென்பதில்லை. மலைநாட்டுப் பாடசாலைக்குத் தேயிலைக் கொழுந்து இருக்கிறது. தாய்மார் பறித்த கொழுந்து நிறுக்கப்படுவதை அறிந்த பிள்ளைகளுக்கு நிறுவைப் பாடம் வேறெங்கும் தேட வேண்டியதன்று. மட்டக்களப்புக்கு வாவி இருக்கிறது. மன்னாருக்குக் கடல் இருக்கிறது. கொழும்பிலே அடுக்குமாடியில் வாழும் பிள்ளைக்குச் சந்தைக்குப் போகும் வழி இருக்கிறது. பொருள் எதுவாயினும் ஆகுக. பிள்ளை அதனைத் தொட்டிருக்க வேண்டும், அதனைக் குறித்துக் கேட்கத் தகுந்த ஒரு வினா இருக்கவேண்டும், அந்த வினாவுக்கு விடை ஆசிரியரின் வாயிலன்றிப் பொருளிலே இருக்கவேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, கட்டடம் வேண்டியதில்லை. தவணை தொடங்குமுன் ஆசிரியர் ஒருவர் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, 'இந்தப் பொருள் எந்த எண்ணைக் கேட்கும், எந்தச் சொல்லைக் கேட்கும், எதைக் கேட்கமாட்டாது' என்று ஒரு தாளிலே எழுதிக்கொள்வாராயின் போதும். மூன்றாவது வினாவுக்கு எழுதும் விடையை அவர் மறவாது பேணட்டும். அதுவே தனி நேரத்திற் கற்பிக்க வேண்டியவற்றின் பட்டியல். மற்றவற்றைப் பாத்தியிலே இட்டு மண்ணால் மூடலாம். முதலிற் சில வாரங்கள் மேலே ஒன்றும் தெரியாது. அதைக் கண்டு ஆசிரியரும் பெற்றோரும் அவசரப்படாதிருந்தால் நன்று.