மங்கிப் போன கோகினூர்!
வைரம் ஜொலிப்பது எப்படி?

சிங்காரப்பேட்டையில் நிலத்துக்கும் சென்ட் கணக்கு. வைரத்துக்கும் சென்ட் கணக்கு! 100 சென்ட் நிலம் ஓர் ஏக்கர். 100 சென்ட் வைரம் ஒரு காரட். அதன் எடை ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு.

நிலம் வாங்குகிறவர்கள் நீளத்தையும் அகலத்தையும் பார்க்காமல் பணம் கொடுப்பார்களா? மாட்டார்கள். ஆனால் மகளுக்கு மூக்குத்தி வாங்கும்போது மட்டும், “எத்தனை சென்ட்?” என்று கேட்டு விட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறார்கள். ஆடு, மாடு விற்ற பணமாயிற்றே!

எடை பெரிதாக இருந்தும் ஜொலிக்காத கல் உண்டு. உலகப் புகழ் பெற்ற கோகினூர் வைரத்துக்கே அந்தக் கதி நேர்ந்தது.

ஏமாந்த கூட்டம்

1849ஆம் ஆண்டு பஞ்சாப் நாடு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அரியணையில் இருந்த துலீப் சிங்குக்கு அப்போது வயது 10. சிறுவனிடமிருந்து கோகினூரையும் வாங்கிக் கொண்டார்கள். 1851இல் லண்டன் பொருட்காட்சியில் அதை வைத்தார்கள். எடை 186 காரட்!

மக்கள் முண்டியடித்துக் கொண்டு பார்க்கப் போனார்கள். பார்த்தவர்கள் முகம் தொங்கி விட்டது. “வெறும் கண்ணாடி போலல்லவா இருக்கிறது!” என்று முணுமுணுத்தார்கள். சுற்றிலும் விளக்குகளை ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் பெரிய பலன் இல்லை.

கல் போலியா? இல்லை. அதன் உருவம் அப்படி. பழைய இந்தியப் பட்டறைகளில் எடையைக் காப்பாற்றுவதுதான் பெரிது. கல்லின் போக்கிலேயே போய்ப் பட்டை போட்டிருந்தார்கள். உள்ளே போன வெளிச்சம் மேலே திரும்பி வரவில்லை.

விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட், அதை மறுபடி வெட்டச் சொன்னார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கைதேர்ந்தவர்கள் வந்தார்கள். நீராவி எந்திரம் பூட்டினார்கள். 1852 ஜூலையில் முதல் பட்டையைத் தீட்டத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? 83 வயதான வெலிங்டன் பிரபு! 1799இல் திப்பு சுல்தானை எதிர்த்து இராயக்கோட்டை வழியாக மைசூருக்குள் நுழைந்த படையில் ஒரு பகுதியை நடத்தி வந்தவர் அவர்தான். நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து மண்ணை மிதித்த மனிதர்.

வேலை 38 நாள் நடந்தது. செலவு 8,000 பவுன். முடிவில் கோகினூர் இன்றைய கணக்கில் 105.6 காரட்டாகச் சுருங்கி விட்டது. ஆல்பர்ட்டுக்கு அதில் திருப்தி இல்லை. ஆனாலும் கல் முன்னைவிட ஒளி வீசியது.

பம்பரத்தைப் பாருங்கள்

வட்ட வைரம் ஒரு பம்பரம் போன்றது. மேலே தட்டையான முகம். கீழே கூரான முனை. வெளிச்சம் முகத்தின் வழியாக உள்ளே போகிறது. அடிப்பக்கத்துச் சரிவில் மோதுகிறது. எதிர்ச் சரிவுக்குத் தாவுகிறது. பிறகு மேலே வந்து நம் கண்ணில் விழுகிறது. இதுதான் ஜொலிப்பு!

அடிப்பக்கம் தட்டையாகப் போனால் வெளிச்சம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் போலக் கீழே ஒழுகி விடும். கல்லின் நடுவே மீன் கண் போல ஒரு மங்கல் வளையம் தெரியும். அடிப்பக்கம் ஆழமாகப் போனாலும் ஆபத்து. வெளிச்சம் பக்கவாட்டில் தப்பி விடும். நடுவில் ஆணித்தலை போலக் கறுப்புத் தட்டும்.

அளவு சரியாக இருப்பது எப்போது? ஆண்ட்வெர்ப் நகரத்து வைர வியாபாரிகள் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற இளைஞர் 1919இல் கணக்குப் போட்டுச் சொன்னார். கல்லின் குறுக்களவு 100 என்றால், மேல்முகம் 53 இருக்க வேண்டும். இடுப்புக்கு மேலே உயரம் 16. இடுப்புக்குக் கீழே ஆழம் 43. பின்னால் வந்தவர்கள் இதைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றினார்கள். ஆனாலும் அடிப்படை அதுவேதான். பரிசோதனைக் கூடத்தில் உண்டாக்கும் வைரத்துக்கும் இதே கணக்குதான்.

கடையில் என்ன கேட்பது?

வைரத்தின் குற்றங்களை நம்மவர்கள் அன்றே கண்டு வைத்திருந்தார்கள். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கு குற்றங்களைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இவை கல்லோடு பிறந்த குறைகள். வெட்டுக் குறையோ மனிதன் செய்வது. வேண்டுமென்றே செய்வதும் உண்டு! கல்லைச் சரியாக வெட்டினால் பாதி எடை தூளாகப் போய் விடும். எடை குறைந்தால் விலை குறையும். ஆகவே அடியைக் கனமாகவே விட்டு விடுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நன்றாக வெட்டிய 10 சென்ட் வட்டக் கல்லின் குறுக்களவு சுமார் 3 மில்லி மீட்டர். ஒரு காரட் கல் என்றால் சுமார் 6½ மில்லி மீட்டர். அளந்து காட்டச் சொல்லுங்கள். 10 சென்ட் கல் 2.8 மில்லி மீட்டர்தான் இருக்கிறதா? மீதி எடை அடியில் ஒளிந்து கிடக்கிறது. அது மூக்குக்குள் போகும். யார் கண்ணுக்கும் தெரியாது! காசு மட்டும் அதற்கும் சேர்த்துத்தான்.

பெரிய கல்லுக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதில் ஆழம் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். வட்டக் கல்லுக்குப் பெரும்பாலும் 59க்கும் 63க்கும் நடுவே இருப்பது நல்லது. கடை விளக்கு எந்தக் கல்லையும் மினுக்கிக் காட்டும். ஆகவே வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் ஒரு தடவை பாருங்கள்.

வீட்டில் பாட்டி போட்டிருந்த தோடு மங்கிக் கிடக்கிறதா? உடனே விற்று விட வேண்டாம். வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சுலபமாக ஒட்டும். அடிப்பக்கத்தில் அழுக்கு ஏறினால் நல்ல கல்லும் ஒளியை இழக்கும். இளஞ்சூடான தண்ணீரில் கொஞ்சம் பூந்திக்கொட்டை ஊறப் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் கல்லின் பின்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிப் பாருங்கள்.