செம்புக்கு எந்த நிறத்து லேசர்?

உலோக வேலை செய்யும் நமது சகோதரர்கள் பலர் லேசர் இயந்திரம் வாங்குவது பற்றி விசாரிக்கிறார்கள். அவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்தான். எத்தனை வொட்? என்ன விலை? மூன்றாவதாக இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கதிர் என்ன நிறம்? அதைக் கேட்காமல் பணம் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

மின்பலகைகளுக்குச் செப்புப் பட்டிகள் செய்து கொடுக்கும் இளைஞர் அவர். "எந்த உலோகத்தையும் ஒட்டும்" என்று விற்றவர் சொன்னதை நம்பி, 1000 வொட் பைபர் லேசர் ஒன்றை இறக்குமதி செய்தார். உருக்கில் அழகாக ஒட்டியது. செம்பிலோ ஓரிடத்தில் பிடிக்கவே இல்லை. அடுத்த இடத்தில் ஓட்டை விழுந்தது. "நானா, மெஷின் பழுதா?" என்று கேட்டு என்னிடம் வந்தார்.

மெஷின் பழுதில்லை. சாதாரண பைபர் லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதன் அலைநீளம் ஏறத்தாழ 1064 நனோமீற்றர். குளிர்ந்த செம்பு அதை ஒரு முகக்கண்ணாடி போலத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே போவது நூற்றுக்கு 5 வீதத்துக்கும் குறைவு. அதாவது 1000 வொட்டில் 50 கூட இல்லை. செம்பு உருகத் தொடங்கியதும் திடீரென அதிகமாக உறிஞ்சும். அப்போது வெப்பம் மிதமிஞ்சி, உலோகம் தெறித்து, ஓட்டை விழுகிறது.

பச்சைக் கதிரைச் செம்பு தொடக்கத்திலேயே நூற்றுக்கு 40 வீதமளவில் உறிஞ்சும். அதனால் வேலை சீராக நடக்கும், தெறிப்பும் குறையும். மின்சாரக் கார்களின் மோட்டார் சுருள்கள், பற்றரிகளின் மெல்லிய செப்புத் தகடுகள் போன்றவற்றுக்குப் பச்சை லேசரை நாடுவது இதனால்தான். தங்கமும் அகச்சிவப்பைவிடப் பச்சையை நன்றாக ஏற்கும்.

பச்சைக் கதிரை எப்படி எடுக்கிறார்கள்? அகச்சிவப்புக் கதிரை ஒரு விசேட படிகத்தினூடாகச் செலுத்தினால் அலைநீளம் பாதியாகி 532 நனோமீற்றர் பச்சை வெளிவரும். 1961இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கன் குழுவினர் லேசர் கதிரில் இந்த மாற்றத்தை முதன்முதலில் செய்து காட்டினர்.

ஆனால் இந்த மாற்றத்தில் சக்தியின் ஒரு பங்கு வீணாகும். படிகமும் காலப்போக்கில் தேயும். ஆகவே ஒரே வொட் அளவில் பச்சை இயந்திரத்தின் விலை அதிகம். உருக்கு வேலை மட்டும் செய்பவர் அதற்குப் பணம் கொடுப்பது வீண். நாள் முழுவதும் செம்பு, தங்கம் என்று வேலை செய்பவர் மட்டுமே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எல்.சி. திறப்பதற்கு முன் உங்கள் உலோகத்தில், உங்கள் தடிப்பில் மாதிரித் துண்டுகளை அனுப்பி ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டியதை வெட்டிப் பாருங்கள். படிகத்தை மாற்ற என்ன செலவாகும், எங்கே மாற்றலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடியையும் மறக்க வேண்டாம். அகச்சிவப்புக்கென வாங்கியது பச்சையைத் தடுக்காமல் விடலாம். போவது தொழிலாளியின் பார்வை.

அந்த இளைஞர் இப்போது அந்த மெஷினில் உருக்குக் கைப்பிடிகள் ஒட்டுகிறார். செப்புப் பட்டிகளை முன்போலவே போல்ட் போட்டு இணைக்கிறார். மெஷினுக்கு வாங்கிய கடனுக்கு மாதத் தவணை மட்டும் தவறாமல் வருகிறது.