கணக்கும் கண்ணீரும்: கத்தோலிக்கத் தமிழில் ‘ஆத்தும சோதனை’

திறவுச் சொற்கள்: ஆத்தும சோதனை, பாவசங்கீர்த்தனம், மனஸ்தாபம், இஞ்ஞாசியார், அண்டிரிக் அடிகளார், கிறித்தவத் தமிழ் உரைநடை

கத்தோலிக்க மரபில் நாள்தோறும் நிகழும் ஆன்மிகச் சிந்தனை பல வடிவங்களை உடையது. காலை, நண்பகல், மாலை எனும் மூவேளைச் செபம், செபமாலையின் மறைபொருள்களை மனத்தில் நிறுத்தல், அன்றைய திருப்பலி வாசகத்தை எண்ணிப் பார்த்தல் ஆகியன பலரும் அறிந்தவை. இவற்றினும் குறைவாகப் பேசப்படுவது, உறங்கச் செல்லுமுன் அன்றைய நாளைத் தானே விசாரித்துக்கொள்ளும் பயிற்சி. பழைய தமிழ்ச் செபநூல்கள் இதனை ‘ஆத்தும சோதனை’ என்றன. இன்று ‘மனச்சான்று ஆய்வு’, ‘ஆன்ம ஆய்வு’ என்னும் தொடர்கள் வழங்குகின்றன. பாடலாகவோ பொதுவழிபாடாகவோ அமையாத காரணத்தால் இப்பயிற்சி தமிழ் இலக்கிய வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. எனினும், ஒருவன் தன் அன்றாடச் செயலைத் தன் பேச்சுமொழியில், இன்னது, இத்தனை முறை, இன்னார்க்கு எதிராக என்று தனக்குத்தானே கூறிக்கொள்ளும் ஒரு மொழிநடையைத் தமிழிலிருந்து இது கோரியது. அந்நடையின் தோற்றத்தையும், அதற்கெனப் புழங்கிய சொற்கள் பிற்காலத்தில் அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இஞ்ஞாசியாரின் கோடுகள்

தன்னை ஆராய்தல் கிறித்தவத்தில் தொன்மையானது. துறவு மடங்களில் நெடுங்காலமாக நிலவியது. அதனை முறையான நாள் ஒழுங்காக வகுத்தவர் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556). 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்ற ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் அவர் நூல் இருவகை ஆய்வுகளைக் கூறுகிறது. ஒன்று சிறப்பாய்வு, மற்றது பொதுவாய்வு.

சிறப்பாய்வு ஒரேயொரு குற்றத்தைக் குறிவைப்பது. காலையில் எழுந்தவுடன் அக்குற்றத்தை இன்று விலக்குவேன் என்று உறுதிகொள்ளல், நண்பகல் உணவுக்குப் பின் முதல் விசாரணை, இரவு உணவுக்குப் பின் இரண்டாம் விசாரணை என நாளில் மூன்று வேளை இதற்கு உண்டு. வாரத்தின் ஏழு நாளுக்கும் நாளொன்றுக்கு இரண்டு கோடுகள் வரையப்பட வேண்டும். முதல் விசாரணையில் அதுவரை எத்தனை முறை அக்குற்றத்தில் விழ நேர்ந்ததோ அத்தனை புள்ளிகள் முதற்கோட்டில். எஞ்சிய பொழுதுக்கு உரியவை இரண்டாம் கோட்டில். பின்னர்க் கோட்டோடு கோட்டையும், நாளோடு நாளையும், வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட்டுக் குறைந்துள்ளதா என்று காணவேண்டும். வணிகரின் பேரேட்டை நினைவூட்டும் இம்முறையில் நுட்பமான ஒரு குறிப்பும் உள்ளது. குற்றத்தில் விழுந்த அந்நொடியிலேயே கையை மார்பில் வைத்து வருந்த வேண்டும். பலர் நடுவே இருப்பினும் பிறர் அறியாவண்ணம் இதனைச் செய்யலாம் என்கிறார் இஞ்ஞாசியார். சந்தையிலும் வீட்டிலும் வேலையிடத்திலும் வாழும் மனிதனுக்கு ஏற்ற துறவற முறை என்று இதனைக் கருதுவதில் தவறில்லை.

பொதுவாய்வு ஐந்து படிகளைக் கொண்டது. பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுதல், பாவங்களை அறிந்து விலக்க அருள் வேண்டல், எழுந்த நேரம் முதல் இந்நேரம் வரை எண்ணம், சொல், செயல் ஆகியவற்றுக்குக் கணக்குக் கேட்டல், மன்னிப்பு வேண்டல், திருந்த உறுதிகொள்ளல் என்பன அவை. நன்றியே முதற்படி என்பது கவனத்திற்குரியது. பாவத்தைத் தேடுவதற்கு முன் பெற்றதை எண்ணிப் பார்க்கும் இவ்வொழுங்கு, ஆய்வை நீதிமன்றத்திலிருந்து விலக்கி உறவின் எல்லைக்குள் கொண்டுவருகிறது.

இவ்வன்றாட முறையோடு வேறொரு கட்டாயமும் இணைந்தது. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட வேண்டும் என விதித்தது. 1551இல் திரெந்து பொதுச்சங்கம், சாவான பாவங்களை அவற்றின் வகையும் எண்ணிக்கையும் தோன்றக் கூறவேண்டும் என வலியுறுத்தியது. ஓராண்டின் செயல்களை வகையும் எண்ணிக்கையுமாகக் கூறுவதற்கு நினைவாற்றல் போதாது. நாள்தோறும் நிகழும் ஆய்வே அந்நினைவைப் பேணும் கருவியாயிற்று. ‘ஆத்தும சோதனை’ என்னும் ஒரே தமிழ்த்தொடர், இரவின் அன்றாடப் பயிற்சியையும் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தைய ஆயத்தத்தையும் சேர்த்துக் குறித்ததற்கு இந்நெருக்கமே காரணம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. பின்னதில் நன்றி கூறும் படிக்கு இன்றியமையாத இடமில்லை.

முத்துக்குளித்துறையின் கணக்கப்பிள்ளை

1542இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையில் பணியாற்றியபோது, ஊர்தோறும் மக்களுக்குச் செபங்களைக் கற்பிக்க ஒருவரை அமர்த்தினார். அவருக்கு வழங்கிய பெயர் ‘கணக்கப்பிள்ளை’. சவேரியாரின் மடல்களிலும் இச்சொல் போர்த்துக்கீசிய உருவில் காணப்படுகிறது. ஊர்க்கணக்கை எழுதியவரின் பெயரே சமயம் கற்பிப்பவருக்கும் ஆனது தற்செயலாக இருக்கலாம். ஆயினும், குரு எப்போதோ ஒருமுறை வந்துசெல்லும் கடற்கரைச் சிற்றூரில், செபத்தையும் நினைவையும் பேணும் பொறுப்பு இக்கணக்கப்பிள்ளையைச் சார்ந்திருந்தது என்பதை எண்ணுங்கால் அப்பெயர் பொருந்தியே உள்ளது.

இக்கடற்கரையில் சவேரியாருக்குப் பின் நெடுங்காலம் பணியாற்றியவர் அண்டிரிக் அடிகளார். இவரது ‘தம்பிரான் வணக்கம்’ (1578) இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் நூல் என்ற வகையில் பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. 1586இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ புனிதர்தம் வாழ்க்கையைக் கூறுவது என்பதால் இலக்கியச் சுவை கருதியும் படிக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே, 1580இல் கொச்சியில் அச்சான ‘கொம்பெசியோனாயரு’ என்னும் நூல் உரிய கவனம் பெறவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையை விளக்கும் கையேடு அது. சுவைத்துப் படிக்கும் நூலன்று. பயன்படுத்தித் தேயும் நூல். ஆயின், தமிழ் அச்சுநூல்களின் தொடக்க வரிசையிலேயே தன்னை விசாரித்துக்கொள்வதற்கான ஒரு கையேடு இடம்பெற்றது சிறிய செய்தியன்று. திரெந்துச் சங்கம் ‘வகையும் எண்ணிக்கையும்’ கேட்டு முப்பதாண்டுகள் கூட நிறைவுறாத நிலையில், அக்கேள்விக்குப் பரதவர் தம் தமிழில் விடை கூற வேண்டியிருந்தது.

இத்தகைய நூலுக்குச் செய்யுள் பயன்படாது. உயர்தனிச் சொற்களும் பயன்படா. கூலியைக் குறைத்ததும், அண்டை வீட்டாரைப் பழித்ததும், கடனை மறுத்ததும் அச்செயல்களுக்கு மக்கள் வழங்கும் சொல்லாலேயே கேட்கப்பட்டால்தான் விடை கிடைக்கும். அண்டிரிக் அடிகளாரின் கடற்கரை வழக்கு கலந்த நடையைப் புலமைக்குறை எனச் சிலர் கருதுவர். இப்பயன்பாட்டை நோக்க, அந்நடை தேவையின் விளைவு எனக் கொள்வதே பொருந்தும்.

தமிழகத்தின் உள்நாட்டில் இத்தேவை வேறு வடிவெடுத்தது. ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவர், 1720களின் பிற்பகுதியில் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். வேதியர் என்பது இங்கு மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியரைக் குறிக்கும். காப்பியத்தில் அணிநலம் ததும்பப் பாடியவரே, உபதேசியரின் அன்றாட ஒழுக்கத்தைப் பேசும்போது உரைநடைக்கு இறங்கிவருவது அவர்தம் மொழிநுட்பத்துக்குச் சான்று.

இருவகைத் தன்னிரக்கம்

தன் குற்றத்தைத் தானே கூறுதல் தமிழுக்குப் புதிதன்று. திருக்குறள் ‘குற்றங்கடிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. ‘வாய்மை’ அதிகாரத்தில் பொய்த்தவரை அவர்தம் நெஞ்சே சுடும் என்ற கருத்து அமைந்துள்ளது. மாணிக்கவாசகர் முதல் தாயுமானவர் வரை, அடியார் தம்மை நாயினும் கீழாக வைத்துப் பாடும் மரபு வலுவானது. இவற்றின் மேல்தான் கிறித்தவ ஆய்வுமுறை வந்து அமர்ந்தது எனக் கூறிவிடுவது எளிது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியாது விட்டால் இரண்டுமே விளங்காமற் போகும்.

பக்திப் பாடலின் தன்னிழிவு முழுமையானது. ‘நான் கடையன்’ என்னும் அறிக்கையில் நாளும் நேரமும் இல்லை; இருக்கவும் தேவையில்லை. இறைவனின் பெருமைக்கு எதிரே உயிரின் சிறுமையை நிறுத்துவதே அதன் நோக்கம். ஆத்தும சோதனையோ முழுமையை ஐயுறுகிறது. ‘நான் பெரும்பாவி’ என்று கூறி ஒருவன் தப்பிவிட முடியும். ‘இன்று காலை என் வேலையாளை அவன் மகன் முன்னிலையில் இழிவாகப் பேசினேன்’ என்று கூறித் தப்ப இயலாது. முன்னதில் கண்ணீர் உண்டு, பின்னதில் கணக்கு உண்டு. முன்னது எவர் பாடினும் அவரவர்க்குப் பொருந்தும். பின்னது ஒருவருக்கு, ஒருநாளுக்கு மட்டுமே உரியது. மறுநாள் அவ்வாக்கியத்தால் பயனில்லை. இலக்கியமாக நிலைக்கத் தகுதியற்ற வாக்கியம் என்பதே அதன் தகுதி.

கத்தோலிக்க மரபினுள்ளும் கண்ணீர் நடைக்கு இடமுண்டு. கோவாவைச் சேர்ந்தவரும் 1705இல் இலங்கை சென்று 1742இல் அங்கேயே மறைந்தவருமான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் சபையாக அமர்ந்து கேட்கப்படும் பாடுகளின் தியானம். அங்கே ஊரே அழுகிறது. இரவின் ஆத்தும சோதனையில் ஒருவர் தனியே அமைதியாக எண்ணுகிறார். இவ்விரண்டும் ஒரே வீட்டில், ஒரே மனிதரிடம் குடிகொண்டிருந்தன.

சொற்களின் போக்கு

பாவசங்கீர்த்தனம் என்னும் சொல்லில் உள்ள ‘சங்கீர்த்தனம்’ பிற சமய வழக்கில் இறைபுகழை வாய்விட்டுப் பாடுதலைக் குறிப்பது. குருவின் செவியில் மெல்லக் கூறும் குற்ற அறிக்கைக்கு இச்சொல்லைத் தெரிந்தவர்கள், உள்ளிருப்பது ஒலிவடிவம் பெறுதல் என்ற பொருளையே முதன்மையாகக் கொண்டனர் போலும். ‘சோதனை’ என்பதும் இருமுகம் உடையது. கர்த்தர் கற்பித்த செபத்தில் அது தீமைக்குத் தூண்டும் இடர். ஆத்தும சோதனையில் தன்னைத் தேர்ந்து பார்த்தல். ஒரே இரவுச் செபத்தில், சோதனையிலிருந்து விடுவிக்க வேண்டிய வாயே சோதனை செய்யவும் முற்பட்டது. இலங்கைத் தமிழில் பள்ளித் தேர்வுக்கும் ‘சோதனை’ என்ற பெயருண்டு என்பதால், அங்குள்ள சிறுவருக்கு இச்சொல் இன்னும் ஒரு படி அண்மையதாக இருந்திருக்கும்.

பாவத்துக்காக மனம் வருந்துவதற்குப் பழைய மறைக்கல்வி நூல்கள் வழங்கிய சொல் ‘மனஸ்தாபம்’; அதற்குரிய செபம் மனஸ்தாப மந்திரம். தாபம் என்பது வெம்மை. ஆகவே மனம் வேகுதல் என்பது அதன் நேர்ப்பொருள். இன்றைய பொதுவழக்கிலோ மனஸ்தாபம் என்பது இருவரிடையே உண்டாகும் பிணக்கு. குரு விதிக்கும் பரிகாரச் செயலைக் குறித்த ‘அபராதம்’, இன்று போக்குவரத்துக் காவலர் வசூலிக்கும் தண்டத்தொகை. சமயச் சொற்கள் கடினமானதால் கைவிடப்பட்டன எனப் பொதுவாகக் கூறப்படும். இவ்விரு சொற்களும் கைவிடப்பட்டதற்குக் கடினம் காரணமன்று. அவை மிக எளியவையாகி வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டன. இவற்றின் இடத்தில் ‘மனத்துயர்’, ‘பரிகாரம்’ ஆகியன வந்தன. பாவசங்கீர்த்தனம் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ ஆயிற்று. கூறுதலை முன்னிறுத்திய பெயர் போய், பிரிந்த உறவு கூடுதலை முன்னிறுத்தும் பெயர் அமைந்தமை இறையியல் நோக்கில் சிறந்ததே. ஆனால் மனத்துயர் என்பது எவ்வகைத் துன்பத்துக்கும் பொதுவான சொல். தன் செயலால் தான் வேகும் வெம்மை அதில் இல்லை.

கணக்கிலிருந்து சிந்தனைக்கு

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் (1962–65) அன்றாட ஆன்மிகத்தின் மையம் இடம்மாறியது. வழிபாடு தாய்மொழிக்கு வந்தது. ஞாயிறு வாசகங்கள் மூவாண்டுச் சுழற்சியிலும் வாரநாள் வாசகங்கள் ஈராண்டுச் சுழற்சியிலும் ஒழுங்குபடுத்தப்பட்டன. அன்றைய வாசகத்தைப் படித்துச் சிந்திப்பது பொதுநிலையினருக்கும் உரிய வழக்கமாயிற்று. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு அதற்கு ஏற்ற தமிழை அளித்தது. நாள்தோறும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு எழுதப்படும் மறையுரைச் சிந்தனைகள் இன்று தமிழில் ஏராளம்.

பழைய முறையைக் கைவிட்டதற்குத் தக்க காரணங்களும் இருந்தன. எண்ணிக்கை சிலரை நோயாளியாக்கியது. இஞ்ஞாசியாரே மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி காணாமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை சென்றதைத் தம் வரலாற்றில் கூறியுள்ளார். 1972இல் இயேசு சபையைச் சேர்ந்த ஜார்ஜ் ஆஷன்பிரென்னர், இவ்வாய்வைக் குற்றப் பட்டியலாகக் கொள்ளாமல் இறைவன் நாள்முழுதும் தன்னை எவ்வாறு ஈர்த்தார் என்பதை உணரும் முயற்சியாகக் கொள்ளவேண்டும் என ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை பெருந்தாக்கம் விளைத்தது. இஞ்ஞாசியாரின் இசுப்பானிய மொழியில் மனச்சான்றுக்கும் உணர்வுநிலைக்கும் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டு. தமிழிலும் இரண்டே. எனவே தமிழில் எழுதுபவர் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். மனச்சான்று என்றால் சாட்சி வந்துவிடுகிறது. உணர்வு என்றால் சாட்சி மறைந்துவிடுகிறது. மூலத்தில் பிரியாதிருந்த ஒன்று இங்கே பிரிந்தே தீரும்.

திருச்சபை இப்பயிற்சியைக் கைவிட்டுவிடவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு துறவியர் நாள்தோறும் மனச்சான்றை ஆய்ந்துபார்ப்பதை 664ஆம் சட்டத்தில் குறிப்பிடுகிறது. திருப்புகழ்மாலையின் இரவுச் செபத் தொடக்கத்திலும் அதற்கெனச் சிறிது மௌனம் உண்டு. குறைந்திருப்பது அதற்கான தமிழ். இன்றைய அன்றாடச் சிந்தனை நூல்களின் இறுதியில் வரும் வினாக்கள் பெரும்பாலும் ‘பிறரை அன்பு செய்கிறோமா?’ என்ற அமைப்பில் உள்ளன. எழுவாய் பன்மை, வினை வழக்கநிகழ்காலம், செயப்படுபொருள் ‘பிறர்’. இவ்வினாவுக்கு ஆம் என்றும் கூறலாம், இல்லை என்றும் கூறலாம். இரண்டாலும் எதுவும் நேர்ந்துவிடாது. பழைய சோதனை வினாவின் எழுவாய் ஒருமை, வினை இறந்தகாலம், செயப்படுபொருள் பெயருடைய ஒரு மனிதர். இலக்கணத்தில் நிகழ்ந்த இம்மாற்றம், உளவியல் நோக்கிலோ இறையியல் நோக்கிலோ மட்டும் விளக்கத் தக்கதன்று.

ஆகவே அண்டிரிக் அடிகளாரின் 1580ஆம் ஆண்டு நூலையும் பின்வந்த செபநூல்களில் உள்ள சோதனை வினாக்களையும் சமயநூல் என ஒதுக்கி வைப்பது தமிழ் உரைநடை ஆய்வுக்கே இழப்பு. எழுவாயும் காலமும் எந்த நூலில் முதன்முதலில் மாறின என்பதைப் பதிப்புவாரியாக ஒப்பிட்டுக் காணும் பணி எஞ்சியுள்ளது. அப்பணிக்கு வேண்டிய செபநூல்களுள் பல நூலகப் பேழைகளில் இல்லை. பாட்டியர் தம் பெட்டிகளில், இரவுச் செபம் தொடங்கும் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு கிடக்கின்றன.