முட்டைக்குள் ஒரு வடிகால்

காலடிப்பேட்டை வீட்டு வாசலோரக் கூடையில் நாட்டுக்கோழி அடைகாத்தால், குஞ்சு பொரிக்க 21 நாள். ஆனால் இரண்டாம் நாளே முட்டைக்குள் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும்! துடிக்கும் தசையில் கசியும் நீரை வடிக்க நிணநீர்க் குழாய்கள் வேண்டும். அவை ரத்தக் குழாய்களுக்குப் பிறகே முளைக்கின்றன. சிரைச் சுவரிலிருந்து பிரியும் செல்களுக்கு இதில் பெரும்பங்கு. அவற்றைத் தூண்டி வளர்ப்பது வி.இ.ஜி.எஃப்-சி என்ற புரதம். 1997-இல் வெளியான ஆய்வில், கோழிக்கருவைச் சூழ்ந்த சவ்வில் அதை வைத்தார்கள். நிணநீர்க் குழாய்கள் தழைத்தன. இன்னொரு அதிசயம் நேயர்களே: நிணநீரைத் தள்ளுவதற்கென்றே கோழிக்கருவின் வால் அருகே ஒரு ஜோடி குட்டி இதயங்களும் துடிக்கின்றன. நம் இதயத்திலும் நிணநீர் வடிகால்கள் உண்டு. அவை அடைபட்டால் இதயத் தசை நீர்கோத்து வீங்கும்.