தூக்கம் தராத ஒவ்வாமை மாத்திரை

தை மாதத்தில் சித்தூர்ப் பகுதியின் மாந்தோப்புகள் பூத்துப் பொலிகின்றன. கண்ணுக்கு இனிய அக்காட்சி எல்லோர் மூக்குக்கும் இனிதாவதில்லை. மகரந்தமோ தூசியோ பட்டதும் சிலருக்கு அடுக்குத் தும்மலும் கண் அரிப்பும் தோன்றுகின்றன. இதனையே ஒவ்வாமை என்கிறோம். தீங்கற்ற துகளை உடல் பகையெனக் கருதி, ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடுவதே இதற்குக் காரணம். ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளை ஆராய்ந்த டேனியல் போவே 1957-இல் நோபெல் பரிசு பெற்றார்.

குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் மூளையையும் எட்டுவதால் உறக்கம் வருகிறது. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏற 1974-இல் திறந்த பாதையும், இறங்க 1944-இல் திறந்த பாதையும் உள்ளன. அம்மலை வளைவுகளில் வண்டியோட்டுபவர் கணநேரம் கண்ணயர்ந்தால் என்ன நேரும்! ஆதலால் லோராடடின், பெக்சோபெனடின் போன்ற புதிய மருந்துகளை நாடுகிறோம். செடிரிசினும் புதிய வகையே. எனினும் அது சிலருக்கு உறக்கம் தரும். எம்மருந்தாயினும், அது நம் உடலில் எவ்வாறு செயற்படுகிறது என்று வீட்டிலிருந்து அறிந்த பின்னரே வண்டியைத் தொடுதல் வேண்டும்.

தூக்கம் தராதது தீங்கும் தராது என்று நாம் எண்ணிவிடலாகாது. இவ்வகையில் முதலில் புகழ்பெற்றது டெர்பெனடின். எரித்ரோமைசின் போன்ற மருந்துகளுடன் சேர்ந்தபோது அது சிலருடைய இதயத் துடிப்பைக் குலைத்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. டெர்பெனடின் உடலில் மாறி உண்டாகும் பொருளே பெக்சோபெனடின். அதற்கு அவ்விதயக் கேடு இல்லை என்று கண்டு அதனைக் கைக்கொண்டனர்.

பெக்சோபெனடினை வெறும் நீருடன் விழுங்குவதே முறை. ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் அது உடலிற் சேர்வதைக் குறைக்கும். அலுமினியம், மக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்துக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். குணம் தெரியவில்லையென்று அளவைக் கூட்டுதல் தவறு. சிறுநீரக நோயாளர், கருவுற்ற தாய்மார் ஆகியோரும், குழந்தைகளுக்குக் கொடுக்க விரும்புவோரும் மருத்துவரைக் கேட்டே முடிவுசெய்தல் நன்று. வேறு மருந்து உண்பவர் அதனை மருந்துக்கடையில் மறவாமல் சொல்லுதல் வேண்டும்.

மூச்சுத் திணறலோ, உதடு, நாக்கு வீக்கமோ, மயக்கமோ கண்டால் மாத்திரையை நம்பிக் காத்திருத்தல் கூடாது. அந்நிலையில் உயிர்காப்பது அட்ரினலின் ஊசியே. 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்கு விரைவோமாக.